மான் முகர்ந்த கதிரை

எங்கள் ஊரில் குப்பையை முதலில் கண்டுபிடிப்பது நகரசபை அல்ல, மான்கள். கோட்டைப் பக்கமிருந்து நடந்து வந்து, வேலியோரம் எறிந்ததையெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். குப்பை வண்டி அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே பத்து வயதில் நான் ஒரு சட்டம் வகுத்து வைத்திருந்தேன்: மான் முகர்ந்தால் அது குப்பை; குப்பை என்றால் எடுக்கலாம்.

எடுக்கும் பழக்கம் மாமாவிடமிருந்து தொற்றியது. அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் வேலை. வேலை முடிந்து வரும்போது யாரோ எறிந்த கால் உடைந்த கதிரை, அலுமாரிக் கதவு என்று எதையாவது சைக்கிளில் கட்டிக்கொண்டுதான் வருவார். திருத்தி, பெயின்ற் பூசி விறாந்தையில் வைப்பார். "இந்த வீட்டில நாலு காலும் ஒரே உயரமான சாமான் ஒண்டு காட்டு, பாப்பம்" என்று அம்மா சண்டைக்கு நிற்பார்.

ஒரு விடுமுறை மத்தியானம், எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முனையில், நல்ல வெயிலுக்குள் ஒரு சாய்மனைக் கதிரை தனியே நின்றது. பிரம்புப் பின்னல் கிழிந்திருந்தது. ஒரு மான் அதன் காலை முகர்ந்துகொண்டு நின்றது. சட்டப்படி எல்லாம் சரி. மானை விரட்டிவிட்டுக் கதிரையை எங்கள் பின்வளவுக்கு இழுத்து வந்தேன். மாமாவின் சாமான்கள் கிடக்கும் அந்தப் பக்கம் அம்மா எட்டியும் பார்ப்பதில்லை.

பிரம்புக்குள் மூட்டைப்பூச்சி. மண்ணெண்ணெய் ஊற்றிக் கொன்றேன். கிழிந்ததை வெட்டியெடுத்து, மாமா காட்டித் தந்தபடி நைலோன் கயிற்றால் பின்னினேன். வலது கைப்பிடியில் தேநீர்க் கோப்பை வைத்து வைத்து விழுந்த வட்டங்கள். எவ்வளவு தேய்த்தும் போகாததால், வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்றை இரண்டு தரம் பூசினேன். என் முகத்துக்கும் ஒரு தரம் பட்டது.

அதே கிழமை பக்கத்து வீட்டு ரீச்சர் வேலிக்கு வந்தார். ஓய்வுபெற்றவர், கணவர் இறந்து ஒரு வருடம், தனியே இருந்தார். "அவற்ர கதிரையை ஆரோ எடுத்திட்டான், பிள்ளை" என்றார் அம்மாவிடம்.

"நாசமாப் போவான், கதிரையையும் விடுறானில்லை!" என்று அம்மா திட்டினார். நானும் பின்னால் நின்று, தெரிந்த வசவெல்லாம் சேர்த்துத் திட்டினேன். களவு போனது ரீச்சரின் கதிரை. நான் எடுத்தது குப்பை. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

ஞாயிறு பின்னேரம் பெயின்ற் காய்ந்ததும், கதிரையை விறாந்தையில் போட்டு, முதல் ஆளாக ரீச்சரையே கூப்பிட்டேன். கதிரையைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதலாக இருக்குமாம்!

ரீச்சர் அதில் சாய்ந்து இருந்தார். அம்மா கொடுத்த தேநீரை வலது கைப்பிடியில் வைத்தார். கை மெல்ல அடியில் போய், நான் பிடுங்க ஏலாமல் விட்ட ஓர் ஆணியைத் தடவியது.

"அவர் மூக்குக்கண்ணாடி கொழுவுற ஆணி" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு என்னிடம், "மூட்டை இருந்ததே?"

"ஓம் ரீச்சர். எல்லாம் செத்திட்டுது."

"அதுக்குத்தானடி வெயில்ல வைச்சனான். என்ர வளவுக்குள்ள வெயில் விழாது."

மாமா சத்தமில்லாமல் எழும்பி உள்ளே போனார். அம்மா என் காதைப் பிடித்தார். "கள்ளி! இப்பவே கொண்டு போய்க் குடு. ரீச்சர், பெயின்றைச் சுரண்டித் தாறம்..."

"விடுங்கோ பிள்ளை. இஞ்சையே இருக்கட்டும். நான் வந்து இருந்திட்டுப் போறன்."

அன்றிலிருந்து பின்னேரம் ஐந்து மணிக்கு வருவார், அதில்தான் இருப்பார். அம்மாவுடன் கதைத்து, மாமாவின் ஆடுகிற மேசைகளைப் பகிடி பண்ணிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் போவார். எல்லாம் என் கைவேலையின் மகிமை என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் பெருமை தாங்காமல் கேட்டேன்: "ரீச்சர், வீட்டில வேற ஏதும் திருத்த இருக்கோ?"

"இதின்ர சோடி ஒண்டு இருக்கு. அது என்ர. ஒருநாளைக்கு வெயில்ல வைக்கிறன், வந்து களவெடு."

மாதக்கணக்காக ஒழுங்கை முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மான்கள் வந்தன, கதிரை வரவில்லை. அந்தச் சோடிக் கதிரையில் இருந்தபடிதான் ரீச்சர் ஒரு வருடமாக எதிரே கிடந்த வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அதற்கு நீலமா பச்சையா என்றுதான் கேட்டிருப்பேன்.