எட்டாவது வசனத்தைத் தாண்டாதவர்

புதுக்கோட்டையில் ஓர் அரிசி ஆலையின் இரவுக் காவலாளி அவர். கழுத்தில் விசிலும் மடியில் டார்ச்சுமாகக் காலை ஆறரை பஸ்ஸில் ஆவூர் வீட்டுக்குத் திரும்புவார். அங்குள்ள பள்ளியில் ஆசிரியரான நானும் அதே பஸ்ஸில் போவேன். தவக்காலத்தில் தினம் ஓர் அதிகாரமாக மாற்கு நற்செய்தியைக் கேட்டு முடிப்பதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். பக்கத்து இருக்கையில் அமர்ந்து நான் வாசிப்பேன்.

எட்டாவது வசனத்தை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை; தூங்கிவிடுவார். எத்தனையாவது வசனத்தில் தலை என் தோளில் சாய்ந்தது என்பதை நாட்குறிப்பில் எழுதிவந்தேன். இறங்கும் முன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "சார், சுருக்கமாச் சொல்லுங்க. இன்னைக்கி என்ன கேட்டீங்கன்னு வீட்டுல கேப்பா. சொன்னாத்தான் இட்லி" என்பார்.

பதினான்காம் அதிகாரம் நீளம் என்பதால் அதை மூன்று நாளுக்குப் பிரித்தேன். இரண்டாம் நாள் கெத்சமனித் தோட்டத்தில் தொடங்கினோம். விழித்திருக்கச் சொல்லிவிட்டு இயேசு செபிக்கப் போனார். ஆறாவது வசனத்திலேயே சீடர்கள் தூங்கிவிட்டார்கள். காவலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தூங்கிட்டாய்ங்களா? எந்நேரம் சார் அது?"

"ராத்திரி. ஏண்ணே, நீங்க மட்டும் தெனம் தூங்கலையா?"

"நான் தூங்குறது பகல்லங்க. ராத்திரின்னா என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல. பதினோரு வருசமா கண்ண மூடுனதில்ல."

அன்று ஆவூர் வரும்வரை அவர் தூங்கவில்லை, சுருக்கமும் கேட்கவில்லை. வசன எண் எழுதும் இடத்தில் அன்றைக்கு நான் எழுதியது இன்றும் அடிக்கப்படாமல் இருக்கிறது: "ஆள் இருந்தார். கூப்பிடத்தான் இல்லை."