பதினோரு நிமிடம் ஓடிய டிராக்டர்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஆறு பத்துக்குக் கிளப்பிய டிராக்டர், ஆறு இருபத்தொன்றுக்கு நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைச் சொல்ல முடிகிறது. பதினோரு நிமிடம். கழனியின் நடுவில், சேற்றில் சக்கரம் பாதி மூழ்கிய நிலையில், இரண்டு முறை விக்கிவிட்டு அடங்கியது.

திருநின்றவூர் ஏரிக்குக் கீழே ஓர் ஏக்கர் இருபது சென்ட், ஏழு துண்டுகள். நிலமும் டிராக்டரும் என் மனைவியின் அண்ணனுக்குச் சொந்தம். அவர் ஐயப்பன்தாங்கலில் வீடு கட்டிக்கொண்டு போன பிறகு, ஆறு வருடமாக நான்தான் பயிர் வைத்தேன். எனக்கு வேலை ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோரில். சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. குவார்ட்டர்ஸில் நாங்கள் ஏழு பேர் வருடம் முழுக்கச் சாப்பிட்டது இந்தக் கழனியின் பதினாறு மூட்டை நெல்லைத்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் வரப்புக்கு அடுத்த நிலம்வரை வீட்டுமனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். மச்சான் ஒருநாள் வீட்டுக்கு வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மாப்ள, இந்தப் போகம் நட்டீங்கன்னா கழனி உங்க கையில இருக்கட்டும். தரிசு போட்டீங்கன்னா நான் கல்லு நட்டுடுவேன். அப்புறம் தங்கச்சிய அனுப்பி அழ வைக்கக் கூடாது."

எங்கள் மடைக்கு ஏரித் தண்ணீர் ஐந்து நாள் முறை. அதற்குள் சேடை ஓட்டி, அதாவது தண்ணீரில் உழுது சேறாக்கி, நட்டுவிட வேண்டும். ஆறாம் நாள் தண்ணீர் கீழ்மடைக்குப் போய்விடும். வண்டி நன்றாக இருந்தால் ஏழு துண்டும் இரண்டு நாள் வேலை. எனவே நான் பயப்படவில்லை. ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

வண்டி ஓட்டியவர் அந்த ஊர்க்காரர். அவர் அப்பா அதே கழனியில் கூலிக்கு ஏர் பிடித்தவர். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்டு. காலையில் மட்டும் எனக்கு ஓட்டுவார். பன்னிரண்டு மணிக்குக் கால் கழுவிக்கொண்டு ரயிலுக்குப் போய்விடுவார்.

வண்டி நின்றதும் அவர் முதலில் டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். "டீசல் பாதி கீது சார். பைப்புல காத்து பூந்து ஏர் புடிச்சிருக்கும்." ஃபில்டருக்கு மேலிருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய் வெறும் டீசல் வரும்வரை காத்திருந்து, மறுபடி முடுக்கினார். இதற்கே இருபத்திரண்டு நிமிடம். வண்டி கிளம்பியது. பதினோரு நிமிடத்தில் நின்றது.

அன்று ஒன்பது முறை நின்றது. ஒன்பது முறையும் குச்சி, திருகு, கைப்பம்பு. அரைத் துண்டுதான் ஓடியிருந்தது.

இரண்டாம் நாள் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு ஃபிட்டரைக் கூட்டிவந்தேன். கோவில்பட்டிப் பக்கத்து மனிதர், கனமான எஞ்சின்களைப் பிரித்து மாட்டியே இருபது வருடம் ஆனவர். ஃபில்டரைக் கழற்றிக் கழுவினார். குழாயை வாயால் ஊதிப் பார்த்தார். வண்டி பன்னிரண்டு நிமிடம் ஓடி நின்றது.

"டீசல் பம்புதான் அண்ணாச்சி போச்சு. பிரிச்சுக் கடைக்கு அனுப்பணும். எட்டு நாளாவது ஆவும்" என்றார்.

"எட்டு நாள் இல்லை. மூன்று நாள்தான் இருக்கிறது."

"அப்ப ஒண்ணு செய்ங்க. டேங்க்க நெறைச்சு வைங்க. மேல இருந்து கனம் அழுத்துனா கொஞ்சம் தாங்கும்."

மூன்றாம் நாள் டேங்க்கை வாய்வரை நிரப்பினோம். வண்டி நான்கு நிமிடம் ஓடியது. பிறகு ஐந்து. பிறகு மறுபடி ஐந்து. வரப்பில் நடவுக்குப் பேசியிருந்த பெண்கள் பதினான்கு பேர் நாற்று முடிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "சார் வண்டிக்குத் தூக்கம் வருது போல, தாலாட்டுப் பாடட்டுமா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மடையில் தண்ணீர் மட்டும் ஒரு தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி, "பூஜையில் என்னமோ குறை. நாளைக்குப் போனதும் மறுபடி நன்றாகச் செய்யுங்கள்" என்றாள். அவளுக்கும் பயம். அண்ணனைப் பற்றி அவளுக்குத் தெரியும்.

நான் படித்தவன். ஆனாலும் நான்காம் நாள் விடிந்ததும் தேங்காய் உடைத்தேன், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், முதல் பூஜையில் வைத்த சந்தனப் பொட்டுகளின் மேலேயே புதிதாகக் குழைத்துத் தடிமனாக வைத்தேன். மொத்தம் இருபத்தேழு. முகப்பு, விளக்கு, சக்கரம், கியர்த் தண்டு, டேங்க் மூடி, எதையும் விடவில்லை. வண்டி ஏழு நிமிடம் ஓடியது.

அன்று பன்னிரண்டு மணிக்கு ஓட்டுநர் போனபோது இரண்டு துண்டுகள்தான் முடிந்திருந்தன. பெண்கள் அவற்றில் நட்டுவிட்டு, மற்ற நாற்று முடிகளை நிழலில் அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். நான் வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்து வைத்திருந்த சட்டைப்பை நோட்டைத் திறந்தேன். வேறு செய்ய ஒன்றுமில்லாததால் எண்களைப் பார்த்தேன். முதல் நாள் பாதி டேங்க், பதினொன்று. நிரம்பிய டேங்க், நான்கு. நான்காம் நாள் காலையில் ஏழு, பன்னிரண்டு மணி நெருங்கும்போது பத்து. டீசல் குறையக் குறைய ஓட்டம் கூடியிருந்தது. பம்பு கெட்டிருந்தால் இந்த ஒழுங்கு எப்படி வரும்?

ஸ்டோரில் நான் எண்ணெய் டின்களைக் கையாளாத நாள் கிடையாது. டின்னில் ஒரு துளை மட்டும் போட்டால் எண்ணெய் இரண்டு மடக்கு வந்து நின்றுவிடும். காற்று உள்ளே போக எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட வேண்டும். டின்னில் எண்ணெய் நிறைய இருந்தால் சீக்கிரம் நிற்கும், குறைவாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும். இது எனக்குத் தெரியும். பல ஆயிரம் டின்களில் பார்த்திருக்கிறேன்.

சேற்றில் இறங்கிப் போனேன். டேங்க் மூடியின் நடுவில் பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல ஒரு சின்னப் பள்ளம். அதில் என் சந்தனம், பழையதும் புதியதும், டீசலும் தூசியும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. மூடியைக் கழற்றி அடிப்பக்கம் வாய் வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. ஒரு தென்னை ஈர்க்கைத் தேடி எடுத்துக் குத்தினேன். மஞ்சளாக ஒரு சிறு கட்டி உதிர்ந்தது. அதன் அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. டேங்க்குக்குள் காற்று போகும் ஒரே வழி அதுதான். ஒவ்வொரு முறையும் குச்சி விடுவதற்காக மூடியைத் திறந்தபோது காற்று உள்ளே போயிருக்கிறது. அதைக் கைப்பம்பு அடித்து ஏர் எடுத்ததால் வந்த பலன் என்று நாங்கள் நம்பியிருக்கிறோம்.

எனக்கு வண்டியைக் கிளப்பத் தெரியும், ஓட்டத் தெரியாது. கிளப்பினேன். பதினோரு நிமிடம் கடந்தது. இருபது. முப்பது. நாற்பதாவது நிமிடத்திலும் அது ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஐந்து துண்டுகளில் தண்ணீர் நின்றது. ஓட்ட ஆளில்லை. ஊருக்குள் போய் இரண்டு பேரைக் கேட்டேன். ஒருவர் வேறு கழனியில் இருந்தார். இன்னொருவர், "நாலு நாளா உங்க வண்டிய பாத்துகினுதானே கீறேன், அதுல ஏறமாட்டேன்" என்றார். திரும்பி வந்து, டீசல் வீணாகிறதே என்று நானே அணைத்தேன். அந்த நிமிடம் அடக்கியதுபோல் நான் எப்போதும் அழுகையை அடக்கியதில்லை.

ஐந்தாம் நாள் காலை ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாத்தால அடைச்சுகினு இருந்துச்சு?"

"சந்தனம்."

"நேத்து அது மேலயே இன்னொண்ணு வெச்சியே சார்" என்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. பெண்கள் பின்னாலேயே நட்டுக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு மூன்று துண்டுகள் முடிந்திருந்தன. இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்லி அவர் கையைப் பிடித்தேன்.

"இந்த வண்டியோட மல்லுக்கட்டி மொத ரெண்டு நாளும் லேட்டாப் போயிருக்கேன் சார். இன்னிக்கும்னா கேட்டுக்குள்ள வுடமாட்டான். எனக்கும் ஊட்ல சோறு வேணும்ல" என்றார். அது நியாயம். கையை விட்டேன்.

மாலையில் மடையை அடைத்தார்கள். மச்சான் மறுவாரம் வந்து வரப்போரம் நின்று பார்த்தார். சண்டை போடவில்லை. "நட்டது நிக்கட்டும் மாப்ள. நடாததுல கல்லு" என்றார். இரண்டு துண்டுகளிலும் சேர்த்துப் பதினான்கு கற்கள் நட்டார்கள். மற்ற ஐந்தும் மூன்று வருடத்தில் போயின, அதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் போகத்தில் பதினோரு மூட்டை கிடைத்தது. ஐந்து மூட்டை எங்கே போயிற்று என்று மனைவி கேட்கவில்லை. நானும் சந்தனத்தைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. மறுபடி பூஜை செய்யச் சொன்ன தன்னால்தான் கழனி போயிற்று என்று அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது. முதல் பொட்டை வைத்தவன் நான்.