அடி வாங்கிய பயில்வான்

கிர்கிஸ்தானின் கராகோல் நகரத்துக் கால்நடைச் சந்தையில் குதிரைத் தரகர் ஜுமாதிலைத் தெரியாதவர்கள் கிடையாது. வாலிபத்தில் மல்யுத்தம் செய்தவர். முதுகு மண்ணில் பட்டதே இல்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் மனைவி சாய்ராகுல் அவர் தோளுக்குக்கூட எட்டமாட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு வீரியமான இன்னொரு மாத்திரையும் கொடுத்தனுப்பினார்கள். அது தன் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே செய்தது. குதிரை உரசினால் கை நீலம். கதவில் இடித்தால் தோள் நீலம்.

சந்தையின் வாய் சும்மா இருக்குமா? பொதுக் குளியல் கூடத்தில் அவர் சட்டையைக் கழற்றிய அன்றே முடிவு கட்டிவிட்டார்கள்: சாய்ராகுல் அடிக்கிறாள்.

"அண்ணே, அக்கா எதால அடிக்கிறாங்க? அகப்பையா, மாவு தேய்க்கிற கட்டையா?" என்று கேட்டான் ஆட்டு வியாபாரி எசென்கான்.

"மாத்திரைடா அது."

"மாத்திரையால அடிச்சா இவ்வளவு நீலம் புடிக்குமா?"

யானைக்கும் அடி சறுக்கலாம். யானையை எலி அடித்தது என்று ஊர் பேசினால் தாங்குமா? சாய்ராகுல் எடுத்துத் தரும் அந்த வீரிய மாத்திரையை ஜுமாதில் நாக்கின் அடியில் அடக்கிக்கொண்டு போய், முற்றத்தில் துப்ப ஆரம்பித்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். லாயத்துக் கட்டையில் அவர் முழங்கை மடார் என்று மோதியது. மறுநாள் சாய்ராகுல் அவர் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க நீலம்?"

"ஆறிடுச்சு."

"ஒரே ராத்திரியிலயா? மாத்திரைய நிறுத்திட்டீங்க."

பயில்வான் தலைகுனிந்தார். "சந்தையில சிரிக்கிறாங்க."

"சிரிக்கிறதுக்குச் சந்தையே இருக்கு. நீங்க போயிட்டா அழுறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாரடைப்பு வந்தபோதுகூட ஜுமாதில் அவ்வளவு பயப்படவில்லை.

இதய மருத்துவர் பர்ச்சின் முதலில் திட்டித் தீர்த்தார். "நீங்களா நிறுத்துனா ஸ்டென்ட் அடைச்சுக்கும். அப்புறம் இங்க வந்து சேர்றதுக்குள்ள கதை முடிஞ்சிடும். நீலம் புடிக்குதுன்னு எங்கிட்ட வந்து சொன்னா என்ன, வாய் வலிக்குமா?"

அன்றைய மாத்திரையைத் தன் கண்முன்னே விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் அடியையும் பார்த்தார். பிறகு ரத்தத்தைச் சோதித்தார். ஆபத்தான முதல் மாதங்கள் கழிந்திருந்தன; வீரியம் குறைந்த மாத்திரையே இவர் உடம்புக்குப் போதும் என்று தெரிந்ததும் மாற்றி எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து தினமும் மாத்திரை விழுங்கியதும் சாய்ராகுலிடம் நாக்கைத் தூக்கிக் காட்டுவது வீட்டு வழக்கமாயிற்று.

நீலம் மெல்லக் குறைந்தது. வசந்த காலத்தில் குளியல் கூடத்தில் எசென்கான் அவரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"என்னண்ணே, உடம்பு சுத்தமா இருக்கு? அக்காவுக்குக் கை ஓய்ஞ்சிடுச்சா?"

ஜுமாதிலுக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. மாத்திரையைப் போலவே அதையும் விழுங்கினார்.

"இல்லடா தம்பி. இப்பல்லாம் சொன்ன பேச்சக் கேக்குறேன்."