கட்டைவிரல் மூடிய பிளாஷ்

ஈப்போவில் பழைய சாமான் கடையொன்றில் மாமா ஒருமுறை இரவல் வாங்கி வந்தது மாதிரியே ஒரு கேமராவைப் பார்த்தேன். நிற்பவரின் முதுகுப் பக்கம் வெயில் இருந்தால், முகம் இருட்டாகாமலிருக்க அது பகலிலும் தானாகவே பிளாஷ் அடிக்குமாம். கடைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

அன்று, பீடோர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில், பால்வெட்டி முடித்துக் குளித்து, உடம்பில் இன்னும் ரப்பர் பால் வாடை போகாமல், வெயிலுக்கு முதுகு காட்டி அம்மா நின்றாள். பிலிம் போடுமுன் மாமா அந்த இரவல் கேமராவை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பளிச்சென்றது.

“பட்டப்பகல்ல லைட்டு எதுக்கு மச்சான்? பேட்டரி தீந்துரும்லா!” என்று அப்பா கேமராவை வாங்கி, கட்டைவிரலால் பிளாஷை மூடிக்கொண்டு படம் எடுத்தார்.

“விரலு வெந்துறப் போவுது,” என்றாள் அம்மா.

கழுவி வந்த படத்தில் மரமெல்லாம் தெரிந்தது. அம்மா முகம் கறுப்பு.

அம்மா இறந்தபோது ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி மாலை போட்டோம். அதில் அவளுக்குப் பதினெட்டு வயது.

“யாருப்பா இந்த அக்கா?” என்றாள் என் மகள்.