குறுக்கே வரவில்லை

எட்டு வருடங்களுக்கு முன்பு வரை நான் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு போய் ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒருநாள் விடியற்காலையில் ஜெயங்கொண்டம் ரோட்டில், எனக்கு முன்னால் மொபெட்டில் போய்க்கொண்டிருந்த ஒருவர்மேல் என் வண்டி ஏறிவிட்டது. இறங்கி ஓடிப் பார்த்தபோதுதான் ஆள் யாரென்று தெரிந்தது. வரதராஜன்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எலக்ட்ரீஷியன். வருடா வருடம் ஈஸ்டருக்குக் கோயிலில் சீரியல் லைட் கட்டுவது அவர்தான். நான் "அண்ணே" என்று கூப்பிடுகிற மனிதர். அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். உயிர் இல்லை.

வழக்கு நடந்தது. "மொபெட்டு திடீர்னு குறுக்க வந்துருச்சு. அத மட்டும் சொல்லு, வேற எதுக்கும் வாயத் தொறக்காத" என்று வக்கீல் சொல்லிக்கொடுத்தார். பார்த்த சாட்சி யாரும் இல்லை. நான் அப்படியே சொன்னேன், விடுதலையானேன். கூண்டில் நின்று அதைச் சொன்னபோது அவருடைய மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மை வேறு. அன்றைக்கு நான் இரண்டு ஷிப்டைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கண் அசந்துவிட்டது. அவர் ரோட்டின் ஓரமாகத்தான் போனார்.

எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டார் மெல்லப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருடம் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு பெரம்பலூருக்கு வந்தேன். வெங்காய மண்டியில் வேலை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. ஸ்டியரிங்கை அதன்பிறகு தொடவில்லை. மண்டியில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கு நான் எந்த ஊர் என்றுகூடச் சரியாகத் தெரியாது. மண்டி அடைத்த பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் கிடையாது. காய்ச்சலில் மூன்று நாள் படுத்திருந்தபோது கதவைத் தட்டியது தண்ணீர் கேன் போடுகிறவர் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். கடைசித் தூணை ஒட்டி நின்றுவிட்டு, முடிவதற்கு முன்பே வெளியே வந்துவிடுவேன்.

எனக்குத் தாங்க முடியாத நாள் ஈஸ்டர்தான். ஏசு இறந்த பெரிய வெள்ளி பரவாயில்லை. அன்று எல்லோர் முகமும் அழுத முகமாக இருக்கும், என் முகம் தனியாகத் தெரியாது. ஈஸ்டர் அன்று, இறந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் எழுந்து வருவார்கள் என்று பிரசங்கத்தில் சாமியார் சொல்லுவார். பக்கத்தில் நிற்கிறவர்கள் இறந்துபோன அப்பாவையோ பிள்ளையையோ நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எனக்குப் பயமாக இருக்கும். எல்லோரும் எழுந்தால் அவரும்தானே எழுந்து வருவார்? "ஏன்டா, நானாடா குறுக்க வந்தேன்?" என்று கேட்டால் என்ன சொல்லுவேன்? அவர் எழுந்து வராமலே இருந்தால் தேவலை என்றுகூட ஒரு வருடம் நினைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். வரிசை தீரும்வரை காத்திருந்து, கடைசி ஆளாகப் போய் முழங்காலிட்டேன். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"தூங்கிட்டேன் சாமி. செத்துப்போனவர் மேல பழியப் போட்டுட்டேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். "கடவுள் மன்னிக்கிறாருப்பா. அதுல சந்தேகமே படாத. ஆனா அவரு சம்சாரம் இன்னும் உன் பொய்யத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க. அத நீதான் போயி எடுத்துப் போடணும்."

ஈஸ்டர் ஞாயிறு அன்று கிளம்பினேன். அரியலூரில் ஒரு பஸ் மாறி, ஜெயங்கொண்டத்தில் இன்னொன்று மாறி, ஊரில் இறங்கியபோது காலைப் பூசை முடிந்திருந்தது. ஸ்பீக்கரில் அல்லேலூயா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு கறிக்குழம்பு வாசனை. தெரிந்த முகங்கள் இரண்டு மூன்று என்னைப் பார்த்தன; ஒருவர் தலையை மட்டும் ஆட்டினார். வா என்று யாரும் சொல்லவில்லை.

டீச்சர் பூசைக்குக் கட்டிய சேலையோடு வாசற்படியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

"என்ன வேணும்?"

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுறேன் டீச்சர்."

"சொல்லுங்க."

பஸ்ஸில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். "அண்ணன் குறுக்க வரலீங்க. ஓரமாத்தான் போனாரு. நான் தூங்கிட்டேன். கோர்ட்டுல சொன்னது பொய்யி."

என்னைத் திட்டுவார், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பேசியபோது என்னிடம் பேசுவதுபோலவே இல்லை.

"ஓரமாத்தான் போனாரா? நான் இத்தன வருஷமா அவரத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன். அப்படி என்ன அவசரம், பொண்டாட்டி புள்ளய நெனச்சுப் பாத்தீங்களான்னு. கல்லறையில போயி நின்னுகூடத் திட்டியிருக்கேன்."

அழவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினார். "எழுதிக் குடுங்க. எம்பொண்ணு படிக்கணும்."

படியின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன். அடியில் என் போன் நம்பரையும் எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இதப் போலீசுல குடுத்தா உங்களுக்குப் பிரச்சினை வருமில்ல?"

"குடுங்க டீச்சர். வந்தா வரட்டும்."

"குடுப்பேன்னும் சொல்லல, குடுக்க மாட்டேன்னும் சொல்லல." தாளைக் கிழித்து நான்காக மடித்தார். "உங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்ல இன்னிக்கு எனக்கு வாய் வரல. பொய் சொல்ல முடியாது."

"அதக் கேக்க நான் வரலீங்க."

"அவரு உயிர்த்து எழுந்து வந்தா மொதல்ல நாந்தான் போயி மன்னிப்புக் கேக்கணும். அதுக்கப்புறந்தான் நீங்க." சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். "நான் கல்லறைக்குப் போவணும். நீங்க வர வேணாம்."

வெயிலில் வேகமாக நடந்து போனார், கதவைக்கூடச் சாத்தாமல். நான் கதவைச் சாத்திவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன்.

போலீஸ் யாரும் வரவில்லை. ஆடி மாதத்தில் மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டீச்சர்தான். "வர்ற வியாழக்கெழம அவருக்கு நெனவுப் பூசை. வர்றதுன்னா வாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போனேன். பூசை முடிந்து அவர் வீட்டு வாசலில் சாமியானா போட்டுப் பந்தி வைத்தார்கள். விஷயம் ஊருக்குத் தெரிந்திருந்தது. நான் உட்கார்ந்த இலைக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. எழுந்து போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டீச்சரே சோற்றுத் தட்டோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் போட்டதுபோல எனக்கும் போட்டார்.

"போதுமா?"

"போதுங்க டீச்சர்."

அடுத்த இலைக்குப் போய்விட்டார். வைத்ததில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் பெரம்பலூருக்குத் திரும்பினேன்.