காசியம்மாள் பார்க்கும் படம்

"வெரசா நடம்மா, குறுக்கால பூந்து போ" என்று திரையிலிருந்த பெண்ணுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள் காசியம்மாள். கச்சிராயபாளையம் டூரிங் கொட்டகை, பெண்கள் பக்கம், மண் தரை. பக்கத்திலிருந்தவர்கள் அதட்டினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். பஞ்சம் பிழைக்கப் பட்டணம் போன ஒரு குடும்பத்தின் கதை. ஊரில் விட்டுவந்த மகளுக்குக் காய்ச்சல் என்று சேதி வருகிறது. தாய் கொட்டும் மழையில் ஓடி வருகிறாள். கொட்டகையே மூக்கை உறிஞ்சுகிறது. காசியம்மாள் அழுவதில்லை. கரும்புச் சோகை கீறிய கைகளால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறாள்.

நாற்பது வயது இருக்கும். கரும்பு வெட்டும் கூலி. வெட்டு முடிந்து நேரே வந்துவிடுவாள். இடைவேளையிலும் எழுந்திருக்க மாட்டாள். வேறு படம் என்றால் "அதுல இன்னா இருக்குது" என்று போய்விடுவாள். இந்தப் படம் கள்ளக்குறிச்சியில் ஓடினாலும் பஸ் ஏறிப் போவாள். அவளுக்குச் சுவரொட்டியைப் படித்துச் சொல்லும் வாத்தியார் என்ற முறையில் எனக்குப் பழக்கம்.

எண்பத்தேழில் அவளும் கணவர் ராசுவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். மகள் ஜெயம்மாள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று அண்ணன் வீட்டில் விட்டிருந்தார்கள்.

"புள்ளைக்கு ஜொரம்னு அண்ணன் தந்தி அடிச்சிச்சி. வண்டி ஏறிட்டோம். திருவண்ணாமல தாண்டுனா ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டிருக்காங்க. ஒரு பஸ்ஸு இல்ல. நடந்தோம். மரத்தாண்ட நின்னுக்கினு இருந்த பசங்க தண்ணி குடுத்தானுங்க, தப்பு சொல்லக் கூடாது. 'படிப்புல, வேலையில எட ஒதுக்கீடு கேட்டு மறியல் பண்றோங்க்கா, வண்டி வுட முடியாது'ன்னானுங்க. அவுங்களுக்கு அவுங்க கஷ்டம்."

மூங்கில்துறைப்பட்டைத் தாண்டி வருகையில், எதிரே சைக்கிளில் வந்த ஊர்க்காரர் இவளைக் கண்டதும் இறங்கித் தலைகுனிந்து நின்றார். மகளை முந்தின நாளே புதைத்துவிட்டார்கள்.

ராசு மறுபடி பெங்களூருக்குக் கிளம்பினார். "அங்க வேல செஞ்சா மறந்துடும், வா" என்று கூப்பிட்டார்.

"மறக்கணும்னா நீ போ" என்று இவள் இருந்துகொண்டாள். முதலில் பொங்கலுக்கு மட்டும் வந்தார். பிறகு அதற்கும் வரவில்லை.

"இதையே எத்தன தடவ பாப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்தம்மா நேரத்துக்கு வூடு வந்துடுது பாருங்க சார். புள்ள கண்ணத் தொறக்குது. அதப் பாக்கத்தான்."

அன்றும் திரையில் தாய் வந்து சேர்ந்தாள். மகள் கண் திறந்தாள். கொட்டகையில் கைதட்டல். காசியம்மாள் மூச்சை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்ததும் ஆட்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அருகே யார் வீட்டுப் பெண்ணோ, சின்னது, மணலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. "அத எழுப்பி வுடுக்கா" என்று கூட்டத்திலிருந்து அதன் தாயின் குரல் வந்தது. காசியம்மாள் குனிந்தாள். எழுப்பவில்லை. முதலில் குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.