கறுப்பு மையால் மட்டும் நிரப்புக

விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவளுக்கு ஊரில் எல்லாருடைய கலியாணத் திகதியும் பாடம். தன்னுடையதை மட்டும் புருசன் வந்து ஞாபகப்படுத்த வேண்டும். கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குக் கிட்ட என் கடை. ஒரு கணினி, ஒரு போட்டோக்கொப்பி மெசின், நாலு பிளாஸ்டிக் கதிரை. பதினொரு வருசமாக மற்றவர்களின் கடதாசிகளை மொழிபெயர்த்து, நிரப்பி, உறையில் போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். 'பொருந்தாதவற்றை வெட்டிவிடுக' என்ற வரிக்கு முன்னால் பேனையோடு ஒருதரமாவது வியர்த்திருந்தால் நீங்களும் என் ஆள்தான். இருங்கள், சொல்கிறேன்.

ஐந்து வரி முகவரி

புவனாக்கா உருத்திரபுரத்திலிருந்து வந்தார். கணவர் பிரான்சில். பதினெட்டு வயதிலிருந்து வசித்த முகவரிகள் எல்லாவற்றையும் திகதியோடு எழுதச் சொல்லிப் படிவம் கேட்டது. அதற்கு ஐந்து வரி விட்டிருந்தார்கள். புவனாக்கா விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டுப் பதினாலு இடம் என்றார். யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்த இடங்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, முன்பின் தெரியாத ஆக்களின் மாட்டுக்கொட்டில், புளியமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி மூன்று கிழமை, பிறகு முகாமில் ஒரு கூடாரம்.

"மரத்துக்கு இலக்கம் இல்லையே பிள்ளை, என்னெண்டு எழுதுவம்?" என்று கேட்டார். சில இடங்களை விட்டுவிடுவோமா என்றேன். "விட்டால் திகதி இடிக்குமே" என்றார். அது சரிதான். வேறு தாள் எடுத்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். ஓரிடத்தில், "இங்கதான் தம்பி காய்ச்சலில போனவன்" என்றார். என் விரல்கள் நின்றுவிட்டன. அவர் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிய திகதியையும் சொன்னார். முடிய மதியமாகிவிட்டது. இரண்டு தாளையும் அச்செடுத்துக் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தார்.

"இவ்வளவு இடத்திலயும் நான் இருந்தனான் எண்டு இண்டைக்குத்தான் ஒருத்தர் கேட்டு எழுதியிருக்கிறீங்கள். விசா வருதோ இல்லையோ, எனக்கு இதில ஒரு கொப்பி தாங்கோ."

பெண்ணின் தகப்பன் எங்கே?

ஒட்டுசுட்டான் சுகந்தியின் மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்து, கலியாணம் முடித்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். கலியாணம் உண்மையானது என்று காட்ட நாற்பது படம் வைத்து அனுப்பினோம். சில மாதத்தில் கடிதம் வந்தது. பெண்ணின் தகப்பன் ஒரு படத்திலும் இல்லை, ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். முப்பது நாள் அவகாசம். சுகந்தி கதிரையில் இருந்து அழுதாள். தகப்பன் வாசலில் நின்றார்.

"ஐயா, நீங்கள் எங்கை போனனீங்கள்?" என்று கேட்டேன்.

"யானை வந்திட்டுது, பிள்ளை."

கலியாணத்தன்று விடியற்காலை, விளைந்து நின்ற வயலுக்குள் நாலு யானைகள். மனிதர் பட்டுவேட்டியோடு யானை விரட்டுகிற வெடியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். திரும்பி வந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. முழங்கால் வரை சேறு. அந்தக் கோலத்தில் படம் எடுக்கிறவன் பக்கம் போக வெட்கப்பட்டுக்கொண்டு பின்னாலேயே நின்றுவிட்டார். இதை ஒரு அதிகாரிக்கு எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடியே எழுதினேன். பயிர்ச் சேதம் பற்றிக் கிராம அலுவலர் ஜி.எஸ். தந்த கடிதத்தை வைத்தேன். மச்சான் ஒருவனின் கைத்தொலைபேசியில் ஒரு படம் கிடைத்தது. பந்தலுக்குப் பின்னால், கிணற்றடியில், பட்டுவேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் கால் கழுவுகிறார். அதில் வட்டம் போட்டு அனுப்பினேன். மூன்றாம் மாதம் விசா வந்தது. ஐயா ஒரு பை பயறோடு கடைக்கு வந்தார்.

"கலியாணத்தில நான் நிக்கேல்லை எண்டு சொந்தக்காரர் இன்னும் கதைக்கினம். கனடாக்காரன்தான் நான் சொன்னதை நம்பினவன்."

மூன்று பேர்

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி. ஜேர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போக வேண்டும். பிறப்புப் பதிவில் சூசை, அடையாள அட்டையில் யோசேப்பு, கடவுச்சீட்டில் ஜோசப். எங்களுக்கு ஒரே பெயர்தான். தூதரகத்துக்கு மூன்று ஆட்கள். பங்குத் தந்தையிடம் ஞானஸ்நானக் கடிதம் எடுத்து, மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்தேன். கையெழுத்து வைக்க முன்னம் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"கடலில என்னை இந்த மூண்டு பேரிலயும் ஒருத்தரும் கூப்பிடுறேல்லை, பிள்ளை. அங்கை நான் கட்டையன். அதையும் போடவேணுமோ?"

மூடிக்கு அடியில் ஒரு தாள்

இது என் பிழை. மறைக்காமல் சொல்கிறேன்.

நசீர் நானாவுக்கு முல்லைத்தீவில் புடவைக்கடை. வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகன், தாய் தகப்பனோடு தங்கையையும் கூப்பிட்டிருந்தான். தங்கைக்கு வயதெல்லை முடிய ஆறு நாள் இருந்தது. அதற்குள் விண்ணப்பம் கொழும்புக்குப் போய்ச் சேராவிட்டால், அவளை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் போக வேண்டி வரும். எல்லாவற்றையும் இரண்டுதரம் சரிபார்த்து, உறையை ஒட்டி, குரியர் வானில் ஏற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அடையாள அட்டையைப் பிரதி எடுக்க வந்தார். மெசின் மூடியைத் திறந்தேன். அந்தத் தங்கை கையெழுத்து வைத்த தாள் கண்ணாடியில் கிடந்தது.

வான் சாரதிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு தாள் இங்கே நின்றுவிட்டது என்றேன். அவர் ஆறுதலாக, "கனகராயன்குளத்தில நிக்கிறன். பதறாமல் வாங்கோ அக்கா" என்றார். கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் போனேன். ஏ-ஒன்பது வீதியில் அவ்வளவு தூரம் நான் தனியாக ஓடியது அன்றைக்குத்தான். போய்ச் சேர்ந்தபோது அவர் மூன்றாவது தேத்தண்ணியில் இருந்தார். என் பற்றுச்சீட்டைப் பார்த்து, உறையைத் திறக்க விட்டு, புது உறையும் தந்தார். அடுத்த நாள், போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகு நசீர் நானாவுக்கு நடந்ததைச் சொன்னேன். சொல்லாமலும் விட்டிருக்கலாம், நித்திரை வந்திராது.

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது, தங்கச்சி. இனி எங்கட வீட்டுக் கடதாசி எல்லாம் உங்களிட்டத்தான்."

கடையில் நடந்த கலியாணம்

எல்லா உறைக்கும் நல்ல பதில் வருவதில்லை. தேவியம்மாவின் ஒரே மகனுக்கு சுவிசில் கலியாணம். விசா மறுத்துவிட்டார்கள். இன்னொருதரம் போட்டோம், அதையும் மறுத்தார்கள். இரண்டாவது கடிதத்தை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய பழைய தொலைபேசியில் படம் வராது என்று தெரிந்து, கலியாணத்தன்று கடைக்கு வாருங்கள், கணினியில் பார்ப்போம் என்றேன்.

அங்கே காலை, இங்கே மத்தியானம். தேவியம்மா மாம்பழ நிறப் பட்டுச் சேலை உடுத்து, பூ வைத்து, தட்டில் தேங்காயும் அட்சதையுமாக வந்து இறங்கினார். கடையில் ஏழெட்டுப் பேர் படிவத்தோடு காத்திருந்தார்கள். விசயம் தெரிந்ததும் ஒருவர் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். இன்னொருவர் எதிர்க்கடைக்குப் போய் லட்டு வாங்கி வந்தார். பொலிஸ் அறிக்கை எடுக்க வந்த ஒரு பெடியன் மேளம் நன்றாகக் கேட்க ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தாலி கட்டுகிற நேரம் மகன் நிமிர்ந்து கமராவைப் பார்த்தான். எல்லாருமாக அட்சதை போட்டோம். முக்கால்வாசி விசைப்பலகைக்குள் போனது. தேவியம்மா கண்ணைத் துடைத்துவிட்டு லட்டுத் தட்டை எல்லாருக்கும் நீட்டினார்.

"விசா தந்திருந்தால் நான் தனியத்தான் போயிருப்பன். இப்ப பாருங்கோ, மாப்பிள்ளை பக்கத்தாலயும் எத்தினை பேர்."

ஆக, வேலையைச் சரியாகச் செய்தால் வாடிக்கையாளரைப் பிறகு கண்ணில் காணவே முடியாத தொழில் இது. என்றாலும், விமான நிலையத்தில் நின்று, "அக்கா, ஏறப்போறன்" என்று அவர்கள் எடுக்கிற அரை நிமிச அழைப்புக்காக நான் கடையைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.